சீன மருந்துக் கடைகளில் விற்கும் 'டிராகன் ரத்தம்' என்பது என்ன? வாங்கிச் சாப்பிடலாமா?

ரத்தமே இல்லை, பிசின். சீனர்கள் சுயே ஜியே என்பார்கள். சுமத்ராவின் ஜாம்பி, ரியாவ் பக்கத்துக் காடுகளில் வளரும் ஒரு பிரம்பின் காய்ச் செதில்களுக்கு மேல் சிவப்பாகப் படிந்திருக்கும், அங்கே அதற்கு ஜெர்னாங் என்று பெயர். காய்களைக் காயவைத்துக் கூடையில் போட்டு உலுக்கினால் பிசின் பொடியாக உதிரும், அதைச் சூட்டில் இளக்கிக் கட்டியாகப் பிடித்துவிடுவார்கள். பழுத்தால் பிசின் குறைந்துவிடும் என்று காயாகவே பறிப்பதால் விதை விழுந்து முளைக்க வழியில்லாமல் போகிறது, எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

சிங்கப்பூரில் இருந்தபோது எனக்குக் கணுக்கால் பிசகி வீங்கியது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சின்னக் குப்பியில் 'சி லி சான்' என்ற பொடியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏழு லீ பொடி என்று அர்த்தம், லீ என்பது பழைய நிறுத்தல் அளவு, ஏழு லீ சேர்ந்தாலே சுமார் 0.2 கிராம்தான். அதில் என்னென்ன சேர்கிறது என்று தேடிப் படித்தபோது அசந்துபோனேன்: இந்தப் பிசினோடு குந்துருக்கம், வெள்ளைப்போளம், காசுக்கட்டி, குசும்பாப் பூ, கஸ்தூரி, பச்சைக்கற்பூரம், சாதிலிங்கம். எல்லாம் நம்ம நாட்டு மருந்துக் கடைச் சரக்கு! ஆனால் சாதிலிங்கம் பாதரசம் கலந்த கனிமம், அளவைப் பெயரிலேயே வைத்திருக்கும் மருந்தைக் கரண்டியில் அள்ளிப் போடக்கூடாது. அரிசி மதுவில் குழைத்து வெளியேதான் பூசினேன். வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது, ஓய்விலேயே வடிந்திருக்கவும் கூடும்.

இன்னொரு குழப்பம், அதே பெயரில் வேறு மரத்துப் பிசினும் வருகிறது. வெளிநாட்டிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்த சீனாவில், 1972இல் சாய் சிதாவ் என்ற தாவரவியலாளர் யுன்னானில் அந்த இன்னொரு பிசினைத் தரும் டிரசீனா மரங்களைக் கண்டுபிடித்தார், இப்போது அந்தப் பிசினும் தனி மருந்தாகவே விற்கிறது. எது என்று கேட்டு வாங்குங்கள்.

பிரம்புப் பிசினில் சாதாரண மரப்பிசினைக் கலந்து விற்பதும் உண்டு. சீனர்களின் பழைய சோதனை இது: பொடியை வெள்ளைத் தாளில் வைத்து அடியில் லேசாகச் சூடு காட்டினால் உருக வேண்டும், சுற்றிலும் எண்ணெய்க் கறை பரவக் கூடாது, வெளிச்சத்தில் பிடித்தால் பளிச்சென்று சிவப்பாகத் தெரிய வேண்டும்.

சாப்பிடுவது பற்றிக் கேட்டீர்களே, நீங்களாகச் சாப்பிடாதீர்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் சரக்கு என்று சீன மருத்துவம் சொல்வதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.