நள்ளிரவு 12 மணிக்கு ஏன் இத்தனை குற்றம்?

கேள்வி: சமூகவியல் படித்திருக்கிறேன். குற்றத் தரவுகளை நானே கோடு (கணினி நிரல்) எழுதி அலசிப் பார்க்க ஆசை. நிரல் மொழிகளில் பைத்தான் கற்கலாமா, ஆர் (R) கற்கலாமா? மூன்று மாதமாக யூடியூபில் பாடம் பார்க்கிறேன், லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை) வந்ததும் நின்றுவிடுகிறேன்.
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் பாடம் பார்ப்பதை நிறுத்துங்கள். இரண்டு மொழியுமே இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். பக்கத்தில் யாருக்காவது ஒன்று தெரிந்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், சிக்கும்போது கேட்க ஆள் வேண்டும் இல்லையா. நான் எழுதுவது பைத்தான், அதில் அட்டவணைத் தரவைக் கையாள உதவும் பாண்டாஸ் (pandas) என்ற கருவித் தொகுப்பு. லூப் சரியாக வராவிட்டாலும் பாண்டாஸில் ரொம்ப தூரம் போகலாம்.

தரவுக்கு சிகாகோ நகரத்தை எடுங்கள். 2001 முதல் அங்கே காவல்துறையில் பதிவான ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரிசை என்று (கொலை மட்டும் இறந்தவர் ஒருவருக்கு ஒரு வரிசை) நகராட்சியின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கடைசி ஏழு நாள் மட்டும் இருக்காது. ஆனால் மொத்தத்தையும் இறக்கிவிடாதீர்கள். எண்பது லட்சம் வரிசைக்கு மேல் இருக்கும், எக்செல் 10,48,576 வரிசையோடு நின்றுவிடும், மீதி வெட்டுப்பட்டதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தளத்திலேயே 2019 என்று வடிகட்டி இறக்கினால் இரண்டரை லட்சத்துச் சொச்சம், சாதாரண லேப்டாப்புக்கே போதும்.

முதல் நாள் தேதிக் கட்டத்தை மட்டும் பாருங்கள். 03/04/2019 என்று இருந்தால் நம் கண் ஏப்ரல் 3 என்றுதான் படிக்கும். அது மார்ச் 4. அமெரிக்காவில் மாதம்தான் முதலில். பாண்டாஸுக்கு இந்த வடிவத்தை நீங்களே எழுதிச் சொல்லிவிடுங்கள், அதன் ஊகத்துக்கு விடாதீர்கள்.

அப்புறம் மணிவாரியாக எண்ணி ஒரு பட்டை வரைபடம் போடுங்கள், மொத்தம் நாலைந்து வரி கோடுதான். நள்ளிரவு 12-இல் ஒரு பட்டையும் நண்பகல் 12-இல் ஒரு பட்டையும் அக்கம்பக்கத்தைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். நான் முதல்முறை பார்த்தபோது நள்ளிரவில் ஊரே ஆபத்து போல என்று நினைத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். பிறகு நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தால், 12:00, 12:01 என்ற இரண்டு நிமிடத்திலேயே அவ்வளவும் குவிந்து கிடக்கிறது! நாள்வாரியாகப் பார்த்தாலும் அதே கதை, மாதத்தின் முதல் தேதியில் ஒரு குவியல், ஜனவரி 1-இல் பெரிய குவியல். கிரெடிட் கார்டில் பணம் போனது பல வாரம் கழித்துத்தான் தெரிகிறது, என்றைக்கு எத்தனை மணிக்கு என்று யாருக்குத் தெரியும்? கட்டத்தைக் காலியாக விட முடியாது, எதையாவது நிரப்ப வேண்டும். சம்பவத் தேதி சில சமயம் உத்தேசமானதுதான் என்று அந்தத் தளமே விளக்கக் குறிப்பில் சொல்லியிருக்கிறது. நான்தான் அதைப் படிக்கவில்லை.

இன்னொன்று செய்து பாருங்கள். கைது நடந்ததா என்று ஆம், இல்லை போட்ட ஒரு கட்டம் இருக்கிறது. குற்ற வகைப்படி வரிசைகளைக் குழுக்களாகப் பிரித்து (பாண்டாஸில் groupby என்ற கட்டளை) அந்தக் கட்டத்தின் சராசரியை, அதாவது ஆம் என்பதன் பங்கை, எடுங்கள். போதைப்பொருள் வழக்குகளில் ஏறக்குறைய எல்லாமே ஆம். திருட்டில் சிறு பங்குதான். அப்படியென்றால் போலீஸ் போதைப்பொருளில் கெட்டிக்காரர்கள், திருட்டில் மந்தமா? இல்லை. திருட்டைப் பறிகொடுத்தவர் வந்து சொல்கிறார், போதைப்பொருள் வழக்கோ பெரும்பாலும் போலீஸ் ஆளைப் பிடிப்பதில்தான் பிறக்கிறது. அதனால் ஒரு வருடம் அந்த வழக்குகள் குறைந்தால் பழக்கம் குறைந்ததா, சோதனை குறைந்ததா என்று வெறும் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சமூகவியல் படித்த உங்களுக்கு இந்தக் கேள்வி தானாக வரும், கோடு மட்டும் தெரிந்தவருக்கு வராது. அதனால்தான் நீங்கள் இதைக் கற்றே ஆக வேண்டும் என்கிறேன்.

கேள்வி: நம் நாட்டுத் தரவிலேயே இதையெல்லாம் செய்ய முடியாதா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: செய்யலாம், ஆனால் வேறு மாதிரி. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் வெளியிடுவது மாநிலவாரியான, மாவட்டவாரியான அட்டவணைகள்தான். சம்பவத்துக்கு ஒரு வரிசை கிடையாது, எனவே மணிக்கணக்கெல்லாம் பார்க்க முடியாது. ஒரு எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கொலை மட்டும்தான் எண்ணிக்கையில் ஏறும், பெரிய குற்றத்தையே கணக்கில் எடுப்பார்கள். பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று அறிக்கையே எச்சரிக்கிறது. புகாரை ஒழுங்காகப் பதியும் மாநிலம் பட்டியலில் மேலே வருவதற்கு இது ஒரு காரணம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்ததில் கொலைக்கான 302-ஆவது பிரிவு 103 ஆகிவிட்டது. பிரிவு எண்ணை வைத்துப் பல வருடத்தைக் கோப்பதாக இருந்தால் முதலில் பழைய எண், புதிய எண் இரண்டும் உள்ள ஒரு அட்டவணையைக் கையாலேயே தயார் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எந்தத் தெரு ஆபத்து என்று காட்டும் ஆப் ஒன்றைக் கல்லூரி புராஜெக்டாகச் செய்கிறோம். பிரிட்டன் போலீஸ் தரவு எடுத்திருக்கிறோம். ஆலோசனை வேண்டும்.
- மாணவர்கள், கோவை

பதில்: தெரு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், தம்பிகளா. அந்தத் தரவில் இருக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சம்பவம் நடந்த இடமே அல்ல. பாதிக்கப்பட்டவரின் வீடு தெரியக்கூடாது என்பதற்காக, ஏற்கெனவே குறித்துவைத்த புள்ளிகளில் பக்கத்தில் இருப்பதற்கு ஒவ்வொன்றையும் நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள். ‘சூப்பர் மார்க்கெட் அல்லது அதன் அருகில்’ என்ற மாதிரி வரும் வரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே புள்ளியில் நூறு சம்பவம் விழுந்தால் அந்த வாசலில் நூறு நடந்தது என்று பொருள் இல்லை, ஆனால் உங்கள் ஆப் அங்கே சிவப்பு வட்டம் போடும், அங்கே குடியிருப்பவர் அதைப் பார்ப்பார். ஒரு பகுதியில் ஒரே வகைக் குற்றம் மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள், அதற்கு இந்தத் தரவு தாங்கும்.