பல வருடங்களாக ஓடாமல் நிற்கும் பழைய ஆஃப்-ரோடு ட்ரக்கை வீட்டு கேரேஜிலேயே பிரித்துப் புதுப்பிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் மொத்தமாகப் பிரித்துவிடாதீர்கள்.

1970களின் வண்டி, இன்ஜின் ஓடுமா என்று தெரியாது, பாடியைத் தூக்கி சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) வரை பிரித்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து திரும்பக் கோர்க்கலாம் என்று உங்கள் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போதே பயமாக இருந்தது. பிரிக்கச் சில வார இறுதிகள் போதும். கோர்க்க வருடக்கணக்கில் ஆகும். பிரித்துப்போட்ட வண்டி முழு வண்டியைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், தள்ளி நிறுத்தக்கூட முடியாது. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். ‘எல்லாப் பாகமும் இருக்கிறது, பெட்டியில் இருக்கிறது’ என்று விற்பனைக்கு வரும் வண்டிகளெல்லாம் இப்படி ஆரம்பித்தவைதான்.

என்னிடம் இருப்பது லேண்ட் ரோவர் சீரிஸ் 3. வண்டி எப்போதும் தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பகுதியைத்தான் திறக்க வேண்டும், அதை மூடாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. இந்த ஒரே விதியோடுதான் அதை முடித்தேன். சேசிஸ் இற்றுப்போயிருந்தால் மட்டும் இந்த விதி செல்லாது. அதனால் முதல் வேலை சேசிஸைப் பார்ப்பது.

சின்னச் சுத்தியலும் கூரான ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். (ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வேண்டாம், ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுத்தான்.) பெட்டி வடிவச் சேசிஸ் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். தண்ணீரும் சேறும் உள்ளே தங்கி, வெளியில் பெயிண்ட் அழகாக இருக்கும்போதே தகடு மெலிந்துவிடும். நல்ல இரும்பைத் தட்டினால் கணீர் என்று கேட்கும், இற்ற இடம் மந்தமாகக் கேட்கும். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், பாடியைத் தாங்கும் கைகள், பின் குறுக்குச் சட்டம் இவற்றைத்தான் அதிகம் தட்டிப் பார்க்க வேண்டும். லேண்ட் ரோவரில் இன்னொரு ஏமாற்று உண்டு. பாடியின் பெரும்பகுதி அலுமினியக் கலவை, சேசிஸும் கால் வைக்கும் இடத்தின் முன்தடுப்பும் இரும்பு. மேலே பளபளவென்றிருக்கும், அடியில் ஒன்றும் மிச்சமிருக்காது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். டொயோட்டா எஃப்.ஜே.40 போல பாடியும் இரும்பாக இருந்தால் கதவுக்குக் கீழே உள்ள பகுதிகளையும் தரையையும் நன்றாகக் குத்திப் பாருங்கள். தரையை வெட்டும் முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாடி கோணிக்கொள்ளும், அப்புறம் கதவு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது.

சேசிஸ் நன்றாக இருக்கிறதென்றால் அடுத்தது பிரேக், இன்ஜின் அல்ல. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நிற்கத் தெரியாத வண்டியை ஓடவைப்பது ஆபத்து. பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தைப் பிரேக் எண்ணெய்க்குக் கொடுப்பது), வீல் சிலிண்டர்கள் (சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளுபவை), ரப்பர் ஹோஸ்கள், துருப்பிடித்த குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டு, மிதியை விட்ட பிறகும் பிரேக்கைப் பிடித்தபடியே வைத்திருக்கும். அந்தக் காலத்துப் பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

சீரிஸ் லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கை பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டில் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், கை பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். தூக்கும் முன் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

இப்போது இன்ஜின். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பும் ஆசையை அடக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலம் காட்டாமல் இன்னும் ஊறவிடுங்கள். சுற்றினால் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10–15 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். இன்ஜினை இறக்க வேண்டுமா என்பதை இந்த அளவு சொல்லட்டும். பழைய டேங்கின் பெட்ரோலை நம்பாதீர்கள், முதலில் தனிக் கேனிலிருந்து கொடுத்து ஓட்டுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், அவற்றையும் மாற்றுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் செய்யக் கூடாது. காலி டேங்கில் தங்கிய ஆவிதான் வெடிக்கும்.

வெல்டிங் பற்றி இன்னொரு எச்சரிக்கை, இது பலருக்குத் தெரிவதில்லை. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அதைத் தெளித்த இடத்தில் உடனே பற்றவைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். வெல்டிங் செய்யும் இடத்தின் பக்கமே அந்த டப்பா வரக்கூடாது.

கியர் பாக்ஸுக்கு எண்ணெய் வாங்கும்போது கையேட்டைப் பாருங்கள். ஜி.எல்-4, ஜி.எல்-5 என்பவை கியர் எண்ணெயின் தர வகைகள். ஜி.எல்-4 கேட்கும் பெட்டியில் ஜி.எல்-5 ஊற்றினால் அதிலுள்ள கந்தக வேதிப்பொருள் கியரைச் சத்தமில்லாமல் மாற்ற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். ஆக்சிலுக்கு ஜி.எல்-5 பரவாயில்லை.

பழைய வண்டியில் யாராவது ஒரு ஆக்சிலை மட்டும் மாற்றியிருக்கலாம். சீரிஸ் லேண்ட் ரோவரின் ஆக்சில் விகிதம் (சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 4.7, வேகத்துக்காக 3.54 போடுபவர்கள் உண்டு. முன்னும் பின்னும் ஒன்றாக இல்லாவிட்டால் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி செய்து ஏதாவது உடையும். சோதிப்பது எளிது. டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள் (எதிர்ச் சக்கரம் நிற்பதால்தான் ஒன்றுக்குப் பதில் இரண்டு). ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். முன் ஆக்சிலில் பார்க்கும்போது ஹப் லாக் (முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் பூட்டிவிட்டுச் சுற்றுங்கள்.

வயரிங்கில் உறை நொறுங்கும் வயரை டேப் சுற்றி ஒட்டவைக்க வேண்டாம், புது ஹார்னஸ் (முழு வயர்த் தொகுப்பு) போட்டுவிடுங்கள். பேட்டரியை இணைக்கும் முன் எர்த் எந்தப் பக்கம், அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் இரும்போடு இணைகிறது என்று பாருங்கள். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் தான் எர்த்.

பெயிண்டைக் கடைசிக்கு வையுங்கள். வண்டி சில மாதம் ஓடி, எங்கே ஒழுகுகிறது, எங்கே உரசுகிறது என்று தெரிந்த பிறகுதான் பட்டி பார்த்து அடிக்க வேண்டும். ஹார்டனர் கலக்கும் இரண்டு பாகப் பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கும். சாதாரண முகமூடி அதற்குப் போதாது, வெளிக்காற்று தரும் மாஸ்க் வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மட்டும் பெயிண்ட் கடையில் கொடுத்துவிடுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

முதல் ஓட்டம் குறைந்த தூரமாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் நான்கு ஹப்பிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. பிறகு கீழே படுத்து லீஃப் ஸ்பிரிங்கின் யு-போல்ட்களை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி இறுக்குங்கள், புதுசாகப் போட்டவை முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங் புஷ் (ஸ்பிரிங்கின் முனையில் உள்ள ரப்பர் உருளை) போல்ட்களை வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போது மட்டும் இறுக்குங்கள். தூக்கிவைத்து இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.