எர்த் ஒயர்ல ஜீரோ காட்டுனா நல்லதா?

கேள்வி: அண்ணே, என் கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல இருக்கு. லீக்கேஜ் பாக்குற கிளாம்ப் மீட்டர் கையில கெடச்சதால போர்டோட எர்த் ஒயர்ல மாட்டி பாத்தேன், 2.8 மில்லி ஆம்பியர் காட்டுச்சு. எர்த்ல கரன்ட் ஓடவே கூடாதுன்னு கேள்விப்பட்டதால, சுவர் சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவுல மாட்டுற எர்த் கரன்ட் தடுப்பு பெட்டி ஒண்ணு வாங்கி போட்டேன். இப்ப மீட்டர்ல சுத்தமா 0. ஆனா கம்ப்யூட்டர் கேபினட்ல புறங்கைய வச்சா லேசா சுர்ருங்குது, முன்னாடி இப்படி இருந்ததில்ல. பெட்டி நல்லா வேலை செய்யுதுன்னு எடுத்துக்கலாமா?

பதில்: தம்பி, இத படிச்ச உடனே அந்த பெட்டிய கழட்டிருங்க, மிச்சத்த அப்புறம் படிங்க. நீங்க பாத்த 0 பெட்டி ஜெயிச்சதுக்கு அடையாளம் இல்ல, எர்த் ஒயர வெட்டி விட்டாலும் மீட்டர் இதே 0தான் காட்டும்.

மொதல்ல அந்த 2.8 எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம். கம்ப்யூட்டர் மாதிரி சாமான்கள்ல பவர் சப்ளை உள்ள இரைச்சல் வடிகட்ட பேஸ்லேருந்து எர்த்துக்கு ஒரு குட்டி கெப்பாசிட்டர், நியூட்ரல்லேருந்து எர்த்துக்கு ஒண்ணுன்னு வச்சிருப்பாங்க. 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் லைன்ல பேஸ் பக்கம் 4.7 நானோஃபாரட் இருந்தா அது வழியா 0.34 மில்லி ஆம்பியர் எர்த்துக்கு போகும், கெப்பாசிட்டர் பெருசா இருந்தா இன்னும் கூடும், இப்படி நாலஞ்சு சாமான் ஒரே போர்டுல சேந்தா நீங்க பாத்த அளவு வர்றது சகஜம், அது ஃபால்ட்டே இல்ல. அந்த கரன்ட் போறதுக்கு எர்த் வழி இல்லாம போச்சுன்னா ரெண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவுல மாட்டுன கேபினட் பாதி வோல்டேஜ்ல, அதாவது 115 வோல்ட் பக்கத்துல மிதக்கும். பெட்டி மாட்டியிருந்தப்ப மல்டிமீட்டர்ல கேபினட்டுக்கும் சுவர் சாக்கெட் எர்த்துக்கும் நடுவுல ஏசி வோல்ட் வச்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். முன்னாடி ஒயர்ல போன அதே கரன்ட்தான் இப்ப உங்க கை வழியா வழி தேடுது, அதான் அந்த சுர்ரு.

இன்னொரு விஷயம், ஒழுங்கான பெட்டியா இருந்தா 0 வந்திருக்கவே கூடாது. இந்த பெட்டிங்க பொதுவா ரெண்டு வகை. ஒண்ணுல ஃபெரைட்டுங்குற காந்தப் பொருள்ல சுத்துன காயில் இருக்கும், அது ஹை ஃபிரீக்வென்சி இரைச்சலத்தான் தடுக்கும், 50 ஹெர்ட்ஸ் தாராளமா போகும். இன்னொண்ணுல டயோடுகள ரெண்டு திசையிலயும் ஜோடி ஜோடியா போட்டிருப்பாங்க, அது ஏறக்குறைய 1.2 வோல்ட்டுக்கு கீழ உள்ளத மட்டும்தான் நிறுத்தும், ஃபில்டர் கெப்பாசிட்டர் தள்ளுற கரன்ட் அந்த 1.2ஐ சுலபமா தாண்டிட்டு போயிரும். ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்க மீட்டர் கிட்டத்தட்ட பழைய அளவ காட்டியிருக்கணும். காட்டல, அதனால உள்ள எங்கேயோ வழி அறுந்திருக்கு, இல்ல மொதல்லேருந்தே இணைக்கலைன்னுதான் நான் நெனைக்கிறேன்.

சரிபார்க்கணும்னா பெட்டிய சுவர்லேருந்து உருவிட்டு, ரெண்டு பக்க எர்த் பின்னுலயும் மல்டிமீட்டர் ப்ரோப வைங்க. காயில் வகைன்னா பஸ்ஸர் கத்தும். டயோடு வகைல பஸ்ஸர் கத்தாது, அத வச்சு கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிராதீங்க, டயோடு மோடுக்கு மாத்தி ப்ரோப மாத்தி மாத்தி வச்சா ரெண்டு திசையிலயும் 1 வோல்ட்ட ஒட்டி வரணும். ரெண்டு பக்கமும் ஓப்பன்னு வந்தா பெட்டிய தூக்கி போடுங்க. ஆனா அளவு சரியா வந்தாலும் நான் மாட்ட சொல்லமாட்டேன், ஏன்னா மீட்டர் அனுப்புறது மில்லி ஆம்பியர்தான், நாளைக்கு பேஸ் ஒயர் கேபினட்ல பட்டா அது வழியா நூறு ஆம்பியருக்கு மேல போய் எம்சிபிய (கரன்ட் எக்கச்சக்கமா போனா தானா விழுற சுவிட்ச) விழ வைக்கணும், அத அந்த டயோடு தாங்குமான்னு இந்த டெஸ்ட் சொல்லாது.

எர்த் கரன்ட் உண்மையிலேயே அதிகமான்னு தெரியணும்னா பெட்டி இல்லாம வீட்டு மெயின் எர்த் ஒயர்ல கிளாம்ப போட்டுட்டு ஹீட்டர் மாதிரி பெரிய லோடு ஒண்ண ஆன் பண்ணுங்க. ரீடிங் சில மில்லி ஆம்பியர்லயே நின்னு அசையலைன்னா பெரும்பாலும் ஃபில்டர் லீக்கேஜ்தான், விட்டுருங்க. ஹீட்டரோட சேந்து ஆம்பியர் கணக்குல ஏறுச்சுன்னா எங்கயோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம், எலக்ட்ரீஷியன கூப்பிட்டு அந்த எடத்த கண்டுபிடிச்சு பிரிக்கணும், அதுக்கு எந்த பெட்டியும் மருந்து இல்ல. ஆம்ப்ளிஃபையர்ல ஹம்முன்னு இரைச்சல் வருதேன்னு வாங்கியிருந்தா ஆடியோ ஒயர்ல ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க, எர்த்த தொடாதீங்க.

கேள்வி: ஆர்சிசிபி (கரன்ட் லீக் ஆனா லைன தானா வெட்டுற சுவிட்ச்) டெஸ்ட் பட்டன அமுக்கினா டிரிப் ஆகுது. அப்ப எர்த் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

பதில்: இல்லீங்க. பட்டன் அமுக்கும்போது கரன்ட் உள்ள இருக்குற ஒரு ரெசிஸ்டர் வழியாதான் சுத்துது, எர்த் ஒயர் பக்கமே போகாது. எர்த் ஒயரே இல்லாத வீட்லயும் அது விழும். ஆர்சிசிபி நல்லா இருக்கான்னு பாக்க அந்த பட்டன், எர்த் நல்லா இருக்கான்னு பாக்க எர்த் வழியோட தடைய அளக்குற லூப் டெஸ்டர் வச்சிருக்குற எலக்ட்ரீஷியன்.