ஐந்து மாதக் குழந்தை இரவில் மணிக்கொரு தடவை எழுகிறான், எப்போதுதான் விடியும் வரை தூங்குவான்?

நான்கு மாதம் வரை நாலைந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கிய மகன் இப்போது மணிக்கொரு தடவை எழுந்து அழுகிறான், எதையோ தப்பாகப் பழக்கிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். பழக்கத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் அவன் தூக்கம் கெட்டுப்போகவில்லை. பெரியவர்களின் தூக்கத்தைப் போல மாறத் தொடங்கியிருக்கிறது. அது மாறி முடிவதற்குள் வீட்டில் வேறு யாரும் தூங்க முடியாது என்பதுதான் கொடுமை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பிறந்து மூன்று வாரம் இருக்கும். நடு இரவில் தொட்டிலிலிருந்து முனகல் வரும். எட்டிப் பார்த்தால் மூடிய இமைக்குள் கண் இங்குமங்கும் ஓடும். வாய் பால் குடிப்பதுபோல் சப்பும். ஒரு கை வெடுக்கென்று எழும்பி விழும். முகம் அழப்போவதுபோல் கோணிக்கொண்டு, அடுத்த நொடியே சிரிப்பாகிவிடும். எழுந்துவிட்டாள் என்று நினைத்து அள்ளித் தோளில் போட்டுக்கொள்வேன். அப்போதுதான் நிஜமாகவே விழித்து வீரிட்டு அழுவாள். தூங்குகிற பிள்ளையை நானே எழுப்பிவிட்டு, மறுபடி தூங்கவைக்க ஒரு மணி நேரம் நடையாய் நடப்பேன். இந்தக் கூத்து இரண்டு மாதம் நடந்தது.

நான் விழிப்பு என்று நினைத்தது தூக்கத்தில் ஒரு வகை. பிறந்த குழந்தைக்குத் தூக்கம் இரண்டு வகைதான்: ஆடி அசையும் தூக்கம் ஒன்று, அசையாத அமைதியான தூக்கம் மற்றொன்று. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கண்ணை மூடியதும் முதலில் வருவதும் பெரும்பாலும் அசையும் தூக்கம்தான். பிற்காலத்தில் கனவுத் தூக்கமாக மாறப்போவது இதுவே. பெரியவர்களிடம் அது மொத்தத் தூக்கத்தில் கால் பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். இமைக்குள் கண் ஓடும் இந்தத் தூக்கத்தை அறிவியல் கண்டுகொண்டதே 1953இல்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர், தூங்கும் குழந்தைகளின் கண்ணசைவைக் கவனிக்கப்போய், அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மனோடு சேர்ந்து வெளியிட்டது. அதுவரை எத்தனை தாய்மார்கள் இதை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

முதல் வாரங்களில் 'குழந்தைக்குப் பகலும் இரவும் மாறிப்போச்சு' என்பார்கள். மாறுவதற்கு முதலில் பகல், இரவு என்று ஒன்று இருக்க வேண்டுமே. வயிற்றில் இருக்கும்போது, இருட்டினால் சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனின் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்து இரவைச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் அது நின்றுவிடுகிறது. குழந்தையின் உடம்பு தானாக இரவில் மெலடோனினைச் சுரந்து, அது ஒழுங்கான தாளத்துக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பசிதான் கடிகாரம். காலையில் வெளிச்சம், இரவில் மங்கலான விளக்கு, நடுநிசிப் பாலுக்குப் பேச்சுக் கச்சேரி வேண்டாம். நாம் செய்யக்கூடியது அவ்வளவே.

சரி, உங்கள் மகன் விஷயம். மூன்று, நான்கு மாத வாக்கில் அந்த அமைதியான தூக்கம் லேசானது, நடுத்தரமானது, ஆழமானது என்று அடுக்கடுக்காகப் பிரிகிறது. இனி முதலில் லேசான தூக்கம் வந்து, அதிலிருந்துதான் ஆழத்துக்குப் போக வேண்டும். ஒரு சுற்று முடிய அவனுக்கு 50 முதல் 60 நிமிடம் ஆகும். நமக்கு 90 நிமிட வாக்கில். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சின்ன விழிப்பு எல்லோருக்கும் உண்டு. நாம் புரண்டு படுத்துப் போர்வையை இழுத்துக்கொள்கிறோம், காலையில் அது நினைவில்கூட இருக்காது. அவன் எழுந்துவிடுகிறான். மணிக்கொரு தடவை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்.

பழக்கம் உள்ளே வருவது இந்த இடத்தில். தோளில் ஆட்டி ஆட்டித் தூங்கவைத்துத் தொட்டிலில் கிடத்தினால், அடுத்த விழிப்பில் அந்தத் தோளைத் தேடுவான். அடம் என்று சொல்லக்கூடாது. கண்ணை மூடும்போது இருந்த ஆள் இப்போது எங்கே என்று கேட்கிறான். சின்னவனிடம் நான் இரண்டு விஷயத்தை மாற்றினேன். கண் சொக்கும்போதே, முழுதாகத் தூங்கும் முன், படுக்கையில் விட்டுத் தட்டிக் கொடுப்பேன். அப்புறம், முனகல் கேட்டால் தூக்க மாட்டேன். ஒரு நிமிடம் குனிந்து இமையைப் பார்ப்பேன். மூடியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். பாதி நாள் அவனே தூங்கிப்போனான். மீதிப் பாதி அழுதான், தூக்கினேன். ஐந்து மாதத்தில் இரவில் ஒன்றிரண்டு தடவை நிஜமான பசியும் இருக்கும், அதைப் பழக்கத்தில் சேர்க்காதீர்கள்.

'எங்கள் குழந்தை மூன்று மாதத்திலேயே இரவு முழுக்கத் தூங்கிவிட்டது' என்று சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். தொட்டில் மேல் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட குழந்தைகளும் நடுவில் விழித்தன. கூப்பிடாமல் மறுபடி தூங்கியதால் பெற்றோருக்குத் தெரியவில்லை. கனடாவில் நடந்து 2018இல் வெளியான ஒரு ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் தொடர்ந்து ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் அப்படியே. தூங்கியவர்களுக்கும் தூங்காதவர்களுக்கும் வளர்ச்சியில் வித்தியாசம் தென்படவில்லை. பகல் தூக்கத்தையும் சேர்த்து 4 முதல் 12 மாதம் வரை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம்! பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

இன்னும் சில மாதத்தில் ஓரளவு சரியாகும், சரியானதும் மறுபடி கெடும். எட்டு, ஒன்பது மாதத்தில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டு, உட்காரத் தெரியாமல் அழுவார்கள். நீங்கள் அறையை விட்டுப் போனாலும் எங்கோ இருக்கிறீர்கள் என்பது புரிந்துவிடும் வயது அது, அதனால் விடவும் மாட்டார்கள். மூன்று நான்கு பகல் தூக்கம் இரண்டாகும், ஒன்றரை வயதை ஒட்டி ஒன்றாகும்.

மூத்தவளுக்கு மூன்று வயதில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், முன்பே தெரிந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். தூங்கி ஒரு மணி நேரம் கழித்து விருட்டென்று எழுந்து உட்கார்ந்து அலறினாள். கண் திறந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை, தொட்டால் தள்ளுகிறாள். பத்து நிமிடத்தில் அடங்கித் தூங்கிவிட்டாள். காலையில் கேட்டால் எதுவும் தெரியாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக விழிப்பதால் வரும் அலறல் இது, பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில் வரும். எழுப்ப முயலாமல், கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். கெட்ட கனவு வேறு: அது விடியற்காலைப் பக்கம் வரும், முழுதாக விழித்து நம்மைத் தேடுவார்கள், நினைவும் இருக்கும்.

தூக்கக் கலக்கத்தில் எதை விட்டாலும் ஒன்றை விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் மல்லாக்கப் படுக்கவையுங்கள், சமமான உறுதியான படுக்கையில், தலையணையும் பொம்மையும் இல்லாமல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1992இல் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிய பிறகு, அங்கே தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. இரண்டு பக்கமும் அவனே புரளப் பழகியபின், தூக்கத்தில் தானாகக் குப்புறப் போனால் விட்டுவிடலாம். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டபடி நான் ஒருமுறை தூங்கிப்போனேன், விழித்தபோது அவன் என் கைக்கும் திண்டுக்கும் நடுவில் நழுவியிருந்தான். கண் சொருகினால் சோபாவை விட்டு எழுந்துவிடுங்கள், மற்றவரை எழுப்பிக் குழந்தையைக் கொடுங்கள். வழக்கமாகக் குறட்டை விட்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.