பீரோ சாவி யார் இடுப்பில்?

கேள்வி: என் மாமனார் லைசென்ஸோடு ரிவால்வர் வைத்திருந்தார். அவர் இறந்து மூன்று வருடமாகிறது. திருப்பாப்புலியூரில் எங்களுக்கு மொத்த மளிகைக் கடை. வாரம் ஒருநாள் பாண்டிச்சேரிக்கு வசூலுக்குப் போகும்போது என் கணவர் அதில் குண்டு போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போகிறார். பயமாக இருக்கிறது என்றால், “அப்பா லைசென்ஸ் இருக்கே” என்கிறார். மற்ற நாட்களில் அது பீரோவில் இருக்கும். சாவி என் இடுப்பில்தான், பிள்ளைகள் கைக்குப் போகாது. அவர் பிடிபட்டால் என்ன ஆகும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: அவர் பிடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். நீங்கள் பிடிபட்டால் என்ன ஆகும் என்று ஏனம்மா கேட்கவில்லை?

சாவி உங்கள் இடுப்பில் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பொறுப்பானவள் என்று காட்டத்தான் எழுதியிருப்பீர்கள். சட்டம் அதை வேறு மாதிரி படிக்கும். ஆயுதம் கையில் இருந்தால்தான் ‘வைத்திருப்பது’ என்பதில்லை. அது இருப்பது தெரிந்து, அதன்மேல் அதிகாரமும் இருந்தால் போதும். 1972-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தெரியும், சாவியும் உங்களிடம். வசூலுக்குப் போகிற நாளில் அந்தப் பீரோவைத் திறந்துவிடுவது யார்?

உங்கள் கணவர் சொல்லும் சமாதானத்தை வருடக்கணக்காகக் கேட்டுவருகிறேன். லைசென்ஸ் என்பது நிலப் பட்டா அல்ல, வாரிசுக்கு வந்து சேர. மாமனாரோடு அது முடிந்துவிட்டது. உரிமை போன ஆயுதத்தைத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு. அப்பாவின் ஞாபகமாக வேண்டுமானால், ஒப்படைத்துவிட்டு வாரிசு என்ற முறையில் புது லைசென்ஸுக்கு மனு போட வழி இருக்கிறது. மூன்று வருடம் அதைச் செய்யாமல் இருந்துவிட்டு இப்போது அப்பா பெயரைச் சொல்வது, அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதையா?

தண்டனை இதுதான். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 25-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து அனுப்ப மாட்டார்கள், கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். குண்டு போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம்தான். ஆனால் குண்டோடு பிடிபட்டவர் “பழைய பொருள், சும்மா கிடந்தது” என்று சொல்ல முடியாது. ஆத்திரத்தில் ஒருமுறை சுட்டுவிட்டால் 27-வது பிரிவு, 3 முதல் 7 ஆண்டு. ஆளுக்கு ஏதாவது ஆனால் அது தனி வழக்கு. இது மத்தியச் சட்டம், பாண்டி எல்லையில் இருக்கும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமும் இதேதான். அந்தச் செக்போஸ்ட்டில் பாண்டி பாட்டில் இருக்கிறதா என்றுதான் சீட்டைத் தூக்கச் சொல்வார்கள். தூக்கினால் என்ன இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

குடும்பத் தலைவனின் முதல் கடமை ராத்திரி வீடு திரும்புவது. வசூல் பணம் அதற்குப் பிறகுதான். கேப்பர் மலை ஜெயிலில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்க்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு, பாண்டியில் வசூலான பாக்கி எதற்கு? பணம் பறிபோகும் என்ற பயம் நியாயமானதுதான். வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், மறுக்கும் கடைக்குச் சரக்கை நிறுத்துங்கள். கணவர் செய்கிறார், நான் சாவியைத்தானே கொடுத்தேன் என்று நீங்கள் ஒதுங்குவதையும் நான் ஏற்க மாட்டேன். தவறுக்குத் துணைபோவதை மனைவியின் கடமை என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்று ராத்திரியே பேசுங்கள். பதற்றத்தில் நீங்களோ அவரோ அதை வண்டியில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டாம், வழியில் நிறுத்தினால் சொன்னது எடுபடாது. முதலில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். மாமனாரின் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் கொண்டுபோங்கள். அவர் மூலம் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் சொல்கிறபடி ஒப்படையுங்கள். தாமதத்துக்கு வழக்கே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தானாக முன்வந்து ஒப்படைத்தவரையும், சீட்டுக்கு அடியிலிருந்து போலீஸ் எடுத்தவரையும் எந்த நீதிபதியும் ஒரே தட்டில் வைக்க மாட்டார். துப்பாக்கி, குண்டுகளின் எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வசூல் நாளுக்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். அதுவரை அந்தச் சாவியை அவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.