தோட்டம் கேள்வி – பதில்: பூவுக்குப் பெயர் எப்போது நிலைக்கும்?

லண்டனில் இருக்கும் என் நாத்தனார், அங்கே குளிர்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும் ஸ்னோடிராப் என்ற செடியின் ஒரே ஒரு கிழங்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனதாகச் சொல்கிறார். நம்பவே முடியவில்லை. உண்மையா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

உண்மைதான் அம்மா. 2012-இல் ‘எலிசபெத் ஹாரிசன்’ என்ற ரகத்தின் ஒற்றைக் கிழங்கு இபே ஏலத்தில் 725 பவுண்டுக்குப் போனது. 2015-இல் ‘கோல்டன் ஃப்ளீஸ்’ 1,390 பவுண்டு. 2022-இல் ‘கோல்டன் டியர்ஸ்’ 1,850 பவுண்டு. கிழங்கோ நம் சின்ன வெங்காயம் அளவுதான்.

ஸ்னோடிராப்பில் காட்டு இனங்கள் சுமார் 20 இருக்கின்றன. வழக்கமான பூவில் உள்ளிதழின் நுனியில் பச்சைக் குறி இருக்கும். இதழ்களுக்கு மேலே குமிழ்போல் இருக்கும் சூலகமும் பச்சைதான். ‘எலிசபெத் ஹாரிசன்’ ரகத்தில் இந்த இரண்டுமே மஞ்சள். ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த செடி அது. ‘கோல்டன் ஃப்ளீஸ்’ அப்படி வந்ததல்ல. ஜோ ஷார்மன் என்ற வளர்ப்பாளர் பல வருடம் கலப்பு செய்து எடுத்தது.

விலை ஏறக் காரணம் எண்ணிக்கை. ஏலம் போன சமயத்தில் அந்தக் குணத்தோடு உலகில் இருந்ததே ஒரு கைப்பிடிக் கிழங்குகள்தான். விதை போட்டால் பிள்ளை தாயைப்போல வராது. கிழங்கைப் பிரித்தால்தான் அதே பூ; தானாகப் பிரிய விட்டால் ஆண்டுக்கு ஒன்று இரண்டாகும், அவ்வளவே. பணம் கொடுத்து வாங்குகிறவர்களில் சிலர் அதை வெட்டிப் பெருக்கத்தான் வாங்குகிறார்கள். பெருகியதும் விலை இறங்கிவிடும். பத்து வருடம் பொறுக்கிறவருக்கு அதே பூ மலிவாகக் கிடைக்கும்.

படத்தில் பார்த்தால் எல்லாமே ஒரே வெள்ளைப் பூ. நூற்றுக்கணக்கான பெயர்களை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பூவைப் பார்ப்பதற்கு முன்னால் இலையைப் பாருங்கள் ஐயா. இலைகள் மண்ணைவிட்டு வெளிவரும் இடத்தில்தான் இனம் தெரியும். இரண்டு இலையும் கைகூப்பியதுபோல் தட்டையாக ஒட்டி வந்தால் கலாந்தஸ் நிவாலிஸ் (கலாந்தஸ் என்பது ஸ்னோடிராப்பின் தாவரவியல் பெயர்). ஓர் இலை மற்றதைச் சுற்றிப் போர்த்தியிருந்தால் கலாந்தஸ் எல்வேசி அல்லது கலாந்தஸ் வொரொனோவி. முன்னது சாம்பல் பூத்த அகன்ற இலை, பின்னது பளபளக்கும் பச்சை. இலையின் இரு ஓரமும் புடவைக் கொசுவம்போல் பின்னால் மடிந்திருந்தால் பிளிக்காட்டஸ்.

அப்புறம்தான் பூ. ஆறு இதழில் வெளியே நீளமாக மூன்று, உள்ளே குட்டையாக மூன்று. விரலால் பூவைத் தூக்கி உள்ளிதழின் வெளிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நுனியில் தலைகீழ் ‘வி’ போன்ற குறியா, இதழை மறைக்கும் ஒரே பட்டையா, மேலும் கீழுமாக இரண்டு புள்ளியா என்று குறித்துக்கொள்ள வேண்டும். வெளியிதழ் நுனியிலும் பச்சை இருந்தால் ‘விரிடாப்பிசே’ வகை. பூக்காம்பின் நீளமும் ஒரு சாட்சி. ‘மேக்னட்’ ரகத்துக்குக் காம்பு அவ்வளவு நீளம், லேசான காற்றுக்கே பூ ஆடும். ‘வெண்டிஸ் கோல்ட்’ 1974-இல் கேம்பிரிட்ஜ் அருகே கண்டெடுக்கப்பட்டது. அது பிளிக்காட்டஸ் இனம், மஞ்சள் சூலகம். மஞ்சளான எல்லாமே ஒன்றல்ல என்பதை இலை மடிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு முறை பார்த்துப் பெயர் வைத்தால் தப்பு நேரும். இளங்கிழங்கின் பூவில் குறி சரியாகத் தெரியாமல் போகலாம். மஞ்சள் வகைகள் அடர்நிழலில் பச்சைக்கு மங்கும். கிழங்கு நோயில் இருந்தால் பூவும் மாறிவிடலாம். அனுபவசாலிகள் குறைந்தது மூன்று பருவம் பார்க்காமல் வாய் திறப்பதில்லை. அந்தப் பொறுமையை நாமும் கற்க வேண்டும்.

பினாங்கு மலையில் வளருமா? இல்லாவிட்டால் கேமரன் மலையில்?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

வளராது. 833 மீட்டர் உயரத்திலும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. கேமரனில் 15, 16. ஸ்னோடிராப்பின் பூமொட்டு கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். ஆனால் 9 டிகிரிக்கும் குறைவான குளிர் பல வாரம் கிடைத்தால்தான் தண்டு நீளும். குளிர் கிடைக்காவிட்டால் மொட்டு உள்ளேயே காய்ந்துபோகும். ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு முறை பூக்க வைக்கலாம். பிறகு இலை நம் 32 டிகிரி வெயிலில் சீக்கிரமே பழுத்துவிடும், கிழங்கு மறுபடி நிரம்பாது. மறுவருடம் வெறும் தோல்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தபால் உறையில் கிழங்கை அனுப்பச் சொல்லாதீர்கள். ஸ்னோடிராப் இனம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மலேசியாவில் அதற்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேறு வேண்டும்.

எங்கள் தொட்டி ரெயின் லில்லியில் ஒரு பூ மட்டும் இளஞ்சிவப்பில் வெள்ளை வரியோடு வந்தது. புது ரகமா? நானே பெயர் வைக்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

ஸ்னோடிராப்புக்கும் ரெயின் லில்லிக்கும் குடும்பம் ஒன்றே, அமரில்லிடேசியே. அங்கே பனி என்றால் இங்கே மழை. ஸ்னோடிராப் சேகரிப்பவர்கள் கடைப்பிடிக்கும் முறை நமக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் சந்தேகம் வெயில். இந்தப் பூ ஓரிரு நாள்தான் நிற்கும், இரண்டாம் நாளே நிறம் வெளுத்துவிடும். அதனால் மலர்ந்த முதல் நாள் காலை 9 மணி வாக்கில் பார்த்ததைத்தான் நிறமென்று எழுத வேண்டும். இரண்டாவது சந்தேகம் வைரஸ். இதழில் சீரில்லாத கீற்று, இலையில் நீளவாக்கில் மஞ்சள் திட்டு, இரண்டும் சேர்ந்து இருந்தால் அது நோய். அந்தக் கிழங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம்.

இலை சுத்தமாக இருந்தால் அந்த ஒற்றைக் கிழங்கை மட்டும் தோண்டித் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். கரித்த உமி 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு போதும். கழுத்து மண் மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்டாமல் வைத்து, பிறகு நன்றாக நனைத்தால் ஒரு வாரத்துக்குள் மொட்டு வரும். இப்படி மூன்று முறை பூக்க வையுங்கள். மூன்று முறையும் அதே வரி வந்தால் அடுத்த கட்டம்: பக்கக் கிழங்குகள் ஐந்தாறு பிரியட்டும், அவையும் பூக்கட்டும். எல்லாம் தாயைப்போல் இருந்தால்தான் அது பெயர் தாங்கும் ரகம். இரண்டு மாறினால் இன்னும் பொறுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலரும் கோட்டைவிடுவது விதையில். காய் வெடித்ததும் கறுப்பான, காகிதம்போல் மெல்லிய விதைகள் அதே தொட்டியில் விழுந்து முளைத்துவிடும். ஒரு வருடம் கழித்துத் தாயோடு பிள்ளைகள் கலந்து நிற்கும், இலையை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஸ்னோடிராப் சேகரிப்பாளர்களுக்கும் இதே தலைவலிதான். பெயர் பெற்ற பல ரகங்கள் இப்படித்தான் கலப்படமாயின. பூ வாடியதும் காயைக் கிள்ளிவிடுங்கள்.

பெயர் சூட்டும் முன் ஒரு வேலை உண்டு. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் ரெயின் லில்லிக் கலப்பினங்கள் ஏராளம். உங்களுடையது அவற்றில் ஒன்றாகவே இருக்கலாம். படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மகள் பெயரைச் சூட்ட ஆசை. விதி ஏதும் உண்டா?
– அதே வாசகி

உண்டு. வளர்ப்புத் தாவரங்களுக்கென்று சர்வதேசப் பெயர்விதி இருக்கிறது. பெயர் ஒற்றை மேற்கோளுக்குள் வரும். 30 எழுத்தைத் தாண்டக் கூடாது. 1959 ஜனவரி 1 முதல் புதிதாக லத்தீன் பெயர் சூட்ட முடியாது. ‘ரகம்’, ‘கலப்பினம்’ என்ற பொருள்தரும் சொற்கள் கூடாது. அதே பேரினத்தில் யாரும் முன்பு வைத்திராத பெயராக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம்; ரோமன் எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து கடைசிவரை அதையே எழுதுங்கள். முகநூலில் படம் போட்டால் பெயர் பதிவானதாகாது. தேதியிட்ட வெளியீட்டில், பூவின் அளவு, நிறம், இலை பற்றிய விளக்கத்தோடு வர வேண்டும்.

பதிவேடு பூவுக்குப் பூ மாறும். ஸ்னோடிராப்புக்கு நெதர்லாந்தின் கிழங்குப்பூ விவசாயிகள் சங்கம், ஆர்க்கிட் கலப்பினங்களுக்கு லண்டன் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி, செம்பருத்திக்கு ஆஸ்திரேலியன் ஹைபிஸ்கஸ் சொசைட்டி. பெயர் பதிவதால் செடி உங்கள் சொத்தாகிவிடாது. உரிமை வேண்டுமானால் இங்கே 2004-ஆம் ஆண்டின் புதிய தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

ஒரு கிழங்கை வெட்டிப் பலவாக்கும் முறையைச் சொல்லுங்கள்.
– வாசகர், சுங்கை பூலோ

ரெயின் லில்லிக்கு வேண்டியதில்லை, தானாகவே பெருகும். கை பழக, பெரிய கிழங்குள்ள ஹிப்பியாஸ்ட்ரம் லில்லியில் செய்து பாருங்கள். ஸ்னோடிராப்புக்கு இங்கிலாந்தில் ஜூன், ஜூலையில் கிழங்கு உறங்கும்போது செய்வதும் இதேதான்.

காய்ந்த தோலை உரித்து, வேரை வெட்டி, வேர் முளைக்கும் அடிப்பகுதியான அடித்தட்டை மட்டும் விடுங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கை நீக்குங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டால் துடைத்து, தலைகீழாக நிறுத்திய கிழங்கை எட்டுத் துண்டாகப் பிளக்க வேண்டும், ஆரஞ்சுச் சுளைபோல. பிறகு ஒவ்வொரு சுளையிலும் இரண்டிரண்டு செதிலாக (வெங்காயத்தில் இருப்பதுபோன்ற அடுக்கு) பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியின் அடியிலும் அடித்தட்டின் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தே ஆக வேண்டும். புதுக் கிழங்கு பிறப்பது அந்த இடத்தில்தான். தட்டு இல்லாத செதில் வெறுமனே அழுகும்.

பொட்டலத்தில் சொன்ன அளவில் பூஞ்சைக்கொல்லி கரைத்து அரைமணி நேரம் ஊற வைத்து வடியுங்கள். வெர்மிக்குலைட் (ஈரம் பிடிக்கும் லேசான கனிமத் துகள்) 10 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து, செதில்களைப் புதைத்து, பையில் கொஞ்சம் காற்று விட்டுக் கட்டி, இருட்டில் 12 வாரம் வையுங்கள். 20 டிகிரி உத்தமம். நம் சமையலறையின் 30 டிகிரியில் பூஞ்சை முந்திக்கொள்ளும், அதனால் ஏர்கான் ஓடும் அறையின் அலமாரி நல்லது. ஃப்ரிட்ஜ் வேண்டாம். வாரம் ஒரு முறை பார்த்து, கொழகொழத்ததை உடனே எடுத்துவிடுங்கள். வெர்மிக்குலைட்டைக் கையில் பிழிந்து தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். பெரும்பாலான தோல்விக்கு இதுவே காரணம். அரிசிமணி அளவில் வெள்ளைக் குமிழ் தெரிந்ததும், செதிலோடு சேர்த்தே தொட்டிக்கு மாற்றலாம். ஸ்னோடிராப் பூக்க அதற்குப் பிறகு மூன்று நான்கு வருடம் ஆகும்.

மார்க்கரில் எழுதிய பெயர் ஆறே மாதத்தில் அழிந்துவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, செந்தூல்

நம் வெயிலில் சாதாரண மார்க்கர் நிற்காது. மென்மையான பென்சிலில் எழுதினால் அதைவிட நீண்ட நாள் நிற்கும். அதைவிட நல்லது குளிர்பான அலுமினிய டின். கத்தரிக்கோலால் கட்டைவிரல் அகலப் பட்டையாக வெட்டி, பழைய செய்தித்தாள்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பேனாவால் அழுத்தி எழுதுங்கள். எழுத்து பள்ளமாகப் பதியும், மழைக்கும் அழியாது. ஓரம் கையைக் கிழிக்கும், மடித்துவிடுங்கள். அதே பெயரில் இரண்டாவது பட்டை ஒன்றைத் தொட்டிக்குள் கிழங்கின் அடியில் புதைத்து வையுங்கள்; மேலே இருப்பதைக் குழந்தைகளோ காக்கையோ பிடுங்கினாலும், அடுத்த முறை தொட்டி மாற்றும்போது எந்தக் கிழங்கு எது என்று தெரிந்துவிடும்.