நொடிப்பொழுதுக்கு ஒரு சொல்

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் 'வீ ஹேட் எ மோமன்டரி மீட்டிங்' என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதை அடித்துவிட்டு 'பிரீஃப் மீட்டிங்' என்று திருத்தினார். இரண்டுக்கும் ஒரே பொருள்தானே?

பதில்: மேலாளர் செய்தது சரி. மோமன்டரி நொடிக்கணக்குச் சொல். வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறவற்றுக்கே அது பொருந்தும். பேச்சின் நடுவே விழும் தயக்கம் 'மோமன்டரி பாஸ்'. கவனம் சற்றே பிசகினால் 'மோமன்டரி லேப்ஸ்'. விளக்கு அணைந்து உடனே எரிந்தால் மின்தடையும் மோமன்டரிதான். நாலு பேர் உட்கார்ந்து பேசிக் கலையும் கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிந்தாலும் பிரீஃப்தான். கடிதமோ உரையோ சிறியதாக இருந்தாலும் பிரீஃப் என்றே சொல்ல வேண்டும். மோமன்டரிக்கு நேரம்தான் கணக்கு, பக்க அளவு அல்ல. டெம்பரரியையும் இதோடு குழப்ப வேண்டாம். ஆறு மாத வேலைகூட டெம்பரரிதான்.

மின்துறையில் இந்தச் சொல் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அழைப்பு மணிப் பொத்தான் போல, விரலை எடுத்ததும் இணைப்பு அறுபடும் சுவிட்சுக்கு மோமன்டரி சுவிட்ச் என்றே பெயர். எவ்வளவு நேரம் என்பது அங்கே உங்கள் விரலைப் பொறுத்தது!

கேள்வி: 'மோமன்டஸ் டிசிஷன்' என்றால் அவசர முடிவா?

பதில்: இல்லவே இல்லை. மோமன்டஸ் என்றால் பெரும் விளைவுகளை உண்டாக்கக்கூடிய, மிக முக்கியமான என்று பொருள். உச்சரிப்பும் வேறு: மோமன்டரியில் முதல் அசையை அழுத்த வேண்டும், மோமன்டஸில் இரண்டாவதை.

கேள்வி: 'த டாக்டர் வில் சீ யூ மோமன்டரிலி' என்றால் உடனே பார்ப்பாரா, ஒரு நொடிதான் பார்ப்பாரா?

பதில்: சொல்பவர் அமெரிக்கர் என்றால், 'இதோ, சற்று நேரத்தில் பார்ப்பார்'. பிரிட்டிஷ் வழக்கில் இந்த வினையடைக்கு 'ஒரு கணம் மட்டும்' என்பதே பழகிய பொருள். அப்படி எடுத்துக்கொண்டால் நோயாளிக்குக் கோபம் வரத்தான் செய்யும். 'ஹீ பாஸ்டு மோமன்டரிலி' போன்ற இறந்தகால வாக்கியத்தில் தொல்லையில்லை. ஒரு கணம் நிறுத்தினார் என்றே எவரும் கொள்வார்கள். சிக்கல் 'வில்' வரும் இடத்தில்தான். அங்கே 'சூன்' அல்லது 'ஃபார் எ மோமன்ட்' என்று நினைத்ததை நேராக எழுதிவிடுங்கள்.